சொல்லிக்கொண்டு கிளம்புகிறவர்

என் கணவர் ரவிசங்கருக்குச் சொல்லிக்கொள்ளாமல் ஓர் இடத்தை விட்டுக் கிளம்பத் தெரியாது. விருந்து வீட்டில் எல்லோரும் செருப்பு மாட்டிய பிறகும் இவர் மட்டும் சமையலறைக்குள் போய், அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவர்களிடமும் "அப்ப நாங்க போயிட்டு வரோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வருவார். நான் காரில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஒரு வேலையை விட்டு ஒரு மாதம் கழித்து, கடைசி நாளன்று லீவில் இருந்த யாரோ ஒருவரிடம் விடைபெறுவதற்காகவே பழைய ஆபீசுக்குப் போய்வந்த மனிதர் இவர். கேட்டால், "சொல்லாமப் போறது மரியாதை இல்ல அஸ்வினி" என்பார். அந்த மரியாதையைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்த வருடம் வைகாசி முடியும்போது எங்கள் மகன் பிறந்தான். ஏழு மாதம்கூட நிறையவில்லை. நாங்கள் இருக்கும் நியூசிலாந்தில், ஆக்லாந்தில், அப்போதுதான் குளிர்காலம் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கு வழியாக ஒரு குழாயை வயிற்றுக்கு விட்டிருந்தார்கள். உறிஞ்சிக் குடிக்க அவனுக்கு இன்னும் தெரியாது. அந்தக் குழாய் வழியாகத்தான் பால் போகும், முதலில் ஒரு டீஸ்பூன் அளவு.

எனக்கோ பால் பொங்கிப் பொங்கி வந்தது. ஆஸ்பத்திரியில் இரவல் கொடுத்த பம்ப்பை வைத்து எடுத்து எடுத்து வைத்தேன். அங்கே ஃப்ரீசரில் குழந்தைக்கு ஒரு சின்ன டிராயர்தான் ஒதுக்குவார்கள், அது இரண்டு நாளில் நிரம்பிவிட்டது. "மீதியை வீட்டில் உறைய வைத்துவிடு, அவன் வளர வளரத் தேவைப்படும்" என்று நர்ஸ் மெலனி சொன்னாள். ஆக்லாந்தின் லின்ஃபீல்டு பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜில் ஒரு பழைய பெட்டி ஃப்ரீசர் கிடந்தது. யாரோ ஊரைவிட்டுப் போகும்போது எங்களிடம் தள்ளிவிட்டுப் போனது. மூடி சரியாக உட்காராது. அதன் மேல் ஒரு அரிசி மூட்டையை வைத்து அழுத்திக்கொள்வோம். அதற்குள் சின்னச் சின்னப் பைகளாக, தேதி எழுதி, என் பிள்ளையின் பாலை அடுக்கினேன். அவனைத் தூக்க முடியாது, குளிப்பாட்ட முடியாது, அழுதால் மார்போடு அணைக்க முடியாது. அவனுக்காக என்னால் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான்.

டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தையின் குடல் இன்னும் முற்றவில்லை. பவுடர் பால் கொடுத்தால் எல்லாக் குழந்தைக்கும் ஆகாது என்றில்லை, ஆனால் சில குழந்தைகளுக்குக் குடலே கெட்டுப்போகும். அம்மா பால்தான் இவனுக்கு மருந்து. நான் அதைக் கேட்டுப் பெருமையாகச் சிரித்தேன். என்னிடம் ஒரு ஃப்ரீசர் நிறைய மருந்து இருந்தது.

ஆடி பிறந்ததும் எனக்கு மார்பில் கட்டி, காய்ச்சல். மாத்திரை சாப்பிட்டுக் காய்ச்சல் போயிற்று, கூடவே பாலும் போயிற்று. பம்ப் ஓடும், பாட்டிலின் அடி நனையும், அவ்வளவுதான். பிள்ளைக்கோ அப்போதுதான் பசி வர ஆரம்பித்திருந்தது. இனி ஃப்ரீசரில் இருப்பதுதான் அவன் சாப்பாடு என்று ஆனது. தினமும் காலையில் அன்றைக்கு வேண்டிய பைகளை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு போவோம். அவன் தானாகக் குடித்து வீடு வந்து சேரும்வரை அது போதும் என்று மெலனி கணக்குப் பார்த்துச் சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது.

பணம்தான் இழுத்தது. என் வேலை போய்விட்டது, ஒரு சம்பளம், வாடகை, பெட்ரோல், ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிங். குளிர்கால கரண்ட் பில் வந்த அன்று இரண்டு பேரும் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரவி ஆபீசில் மகேசன் என்று ஒருவர், மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்தவர். கம்பெனி மாற்றுவதில் அவருக்கு அப்படி ஒரு இன்பம். "நீ ஏன் இன்னும் பழைய கம்பெனியிலேயே கிடக்குறே? கரண்ட்டும் கேஸும் ஒரே இடத்துல எடு, டிஸ்கவுண்ட் தருவான் லா. நான் வருஷத்துக்கு ஒண்ணு மாத்துறேன்" என்று சொல்லி ஒரு வெப்சைட்டையும் அனுப்பினார். எங்கள் பழைய பில்லைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு மாறினால் எவ்வளவு மிச்சம் என்று அது காட்டும். பார்க்கிங் செலவு மொத்தமும் அதில் அடங்கும் போல இருந்தது.

"மாத்துங்க" என்று நான்தான் சொன்னேன். "கரண்ட் நிறுத்தி மாத்துவாங்களா?"

"இல்ல. அதே கம்பி, அதே மீட்டர். ஆள்கூட வரமாட்டாங்க. பில்லுல பேர் மட்டும் மாறும்."

ஆனால் ஒரு சிக்கல். ஆடி மாதம். முன்பெல்லாம் ரவிக்கு நாள் கிழமை பார்க்கும் வழக்கமே கிடையாது. பிள்ளை நாள் நிறையுமுன் பிறந்ததிலிருந்து மனிதருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போனில் காலண்டர் ஆப் வைத்துக்கொண்டு, காருக்குக் காற்று அடிப்பதற்குக்கூட ராகு காலம் பார்த்தார்.

"ஆடியில புதுசா எதுவும் ஆரம்பிக்க வேணாமே" என்றார்.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு விவசாயியே சும்மா இருக்கறதில்ல. கரண்ட் பில்லுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன?"

அவர் போனில் பிள்ளையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைக்குப் பெயர் வைப்பதையே ஆவணிக்குத் தள்ளி வைத்தவள் நான், எந்த முகத்தோடு வாதாடுவது? புதுக் கம்பெனியில் பதிவு செய்தபோது ஆவணியின் முதல் நல்ல நாளைத் தேதியாகக் கொடுத்தார். அங்கிருந்த பெண், "நீங்கள் வேறு எதுவும் செய்ய வேண்டாம், பழைய கம்பெனிக்கு நாங்களே தெரிவித்துக்கொள்வோம்" என்றாள். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

விடுவாரா? "மூணு வருஷம் அவங்க கரண்ட்ல இருந்திருக்கோம். நாம போறது இன்னொருத்தர் சொல்லி அவங்களுக்குத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்று போனை எடுத்துவிட்டார்.

நான் சாப்பாட்டு மேசையில் பம்ப்போடு போராடிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. மூன்று வருடமாக நல்ல சேவை செய்ததற்கு நன்றி சொன்னார். ஒரு தடவைகூட கரண்ட் போனதில்லை என்று பாராட்டினார். வேறு வழியில்லாமல்தான் மாறுகிறோம் என்று வருத்தம் தெரிவித்தார். அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு இப்படி ஒருவரைப் பார்த்துப் பழக்கமில்லை போல, "ஓ, எவ்வளவு நல்லவர்" என்று உருகினாள். பிறகு, கணக்கை என்றைக்கு முடிக்கட்டும் என்று கேட்டாள்.

ரவி பழைய பில்லைப் பார்த்தார். பில் முடியும் தேதி அந்த வாரமே வந்தது. "அந்தத் தேதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் கணக்கு சுத்தமாக இருக்கும்" என்றார். பாதி மாதத்தில் கணக்கை நறுக்கி அவர்களைச் சிரமப்படுத்தக் கூடாதாம்! அதற்குப் பிறகு யாராவது பொறுப்பேற்கிறார்களா என்று அவள் கேட்டாள். ஆமாம், ஆகஸ்டில் புதுக் கம்பெனி வருகிறது என்றார் இவர். சரி என்று குறித்துக்கொண்டாள்.

போனை வைத்தபோது விருந்தாளியை வாசல்வரை வழியனுப்பிய திருப்தி அவர் முகத்தில் இருந்தது. "தாம்பூலம் குடுக்கலையா?" என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை பிறந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

நடுவில் இருக்கிற அந்த நாட்களுக்குக் கரண்ட் யார் கொடுப்பார்கள் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றும்? நாங்கள் திருச்சிக்காரர்கள். எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஈபி. என் பெரியப்பா செத்துப் பத்து வருடம் ஆகியும் ஈபி அட்டையில் அவர் பெயர்தான் இருந்தது, வீட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் போனால் தெருவுக்கே போகும், வந்தால் தெருவுக்கே வரும். ஆள் மாறலாம், பெயர் மாறலாம், கம்பியில் இருப்பது கம்பியில் இருக்கும். எங்கள் இரண்டு பேருடைய எஞ்சினியரிங் படிப்பும் அந்த நம்பிக்கையை அசைக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை பிள்ளைக்கு மூச்சு நின்று நின்று வந்தது. காலையில் போன நாங்கள் வீடு திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலேயே பெற்றோருக்கான அறையில் தங்கினோம். வியாழக்கிழமை தெளிந்தான். வெள்ளிக்கிழமை, ஆடி வெள்ளி, மெலனி அவனைக் குழாய்களோடு எடுத்து என் சட்டைக்குள், மார்பின் மேல் வைத்தாள். அவன் தலை என் கழுத்துக்குக் கீழே சூடாக இருந்தது. அவனைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், மூச்சுகூட மெதுவாக விட்டேன். ரவி படம் எடுக்க மறந்து அழுதுகொண்டிருந்தார்.

டிராயரில் பால் தீரப்போகிறது, நாளைக்கு எடுத்து வாருங்கள் என்று மெலனி சொன்னாள். சாயங்காலம் கிளம்பினோம். ரவி வழக்கம் போல வார்டு முழுவதும் சொல்லிக்கொண்டார். நர்ஸ்களிடம், பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அப்பாவிடம், தரை துடைக்கிற அம்மாளிடம். கடைசியில் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து, "போயிட்டு வரேன்டா தம்பி" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. லிஃப்டைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றேன்.

லின்ஃபீல்டில் மழை. கராஜ் கதவுக்கு ரிமோட்டை அழுத்தினார், கதவு எழும்பவில்லை. வீடு இருட்டாக இருந்தது.

"கரண்ட் கட் போல. ஊர் ஞாபகம் வருது" என்றார்.

நான் பக்கத்து வீட்டைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர்கள், சதாசிவம் அண்ணனும் ரதிதேவி அக்காவும். அவர்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது. தெருவிளக்கு எரிந்தது. எங்கள் வீடு மட்டும்தான் இருட்டு. முன்கதவைத் திறந்து, இருட்டில் நாற்காலியில் இடித்துக்கொண்டு கராஜுக்கு ஓடினேன். காலில் ஈரம் பட்டது.

அரிசி மூட்டையைத் தள்ளி மூடியைத் திறந்தோம். போன் வெளிச்சத்தில் மேலே இருந்த பைகள் தளதளவென்று கிடந்தன. ஒன்றை எடுத்தேன். கைக்குள் வழிந்து மடங்கியது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

ரவி பழைய கம்பெனிக்குப் போன் போட்டார். பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். பிறகு ஒருவன் வந்தான். மிகவும் அன்பாகப் பேசினான். உங்கள் கணக்கை நீங்களே முடித்துவிட்டீர்கள், அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் பெயரும் இல்லை, அதனால் வீடு காலி என்று புதன்கிழமை கம்ப்யூட்டர் மீட்டரை அணைத்துவிட்டது என்றான். ஆள் வரவில்லை, கம்பியை வெட்டவில்லை. எங்கோ இருந்த கம்ப்யூட்டர், இங்கே இருந்த மீட்டர், முடிந்தது.

"வீடு காலி இல்லை. நாங்கள் வீட்டுக்குள் நின்றுதான் பேசுகிறோம்" என்றார் ரவி.

புரிகிறது சார் என்றான். ஆனால் புதுக் கம்பெனி உங்கள் மீட்டரைக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறது, அதனால் இனி நாங்கள் தொட முடியாது, நீங்கள் அவர்களிடம் பேச வேண்டும் என்றான்.

புதுக் கம்பெனியிலும் பாட்டு, அங்கேயும் ஒரு பெண், அவளும் அன்பு. நீங்கள் கேட்ட தேதி ஆகஸ்டில்தானே, அதுவரை மீட்டர் எங்களுடையது இல்லையே என்றாள். தேதியை முன்னால் கொண்டுவரலாம், தாராளமாகச் செய்யலாம், ஆனால் இன்று வெள்ளிக்கிழமை, ஆபீஸ் நேரம் முடிந்துவிட்டது, திங்கட்கிழமை முதல் வேலையாகப் பார்க்கிறோம் என்றாள். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். எங்களுக்கு இரண்டு பக்கமும் நெருப்புகூட இல்லை, தேன்தான் ஒழுகியது. திட்டுவதற்குக்கூட ஒருவரும் சிக்கவில்லை.

பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். வீட்டில் உயிருக்குக் கரண்ட்டை நம்பியிருப்பவர்கள் யாராவது உண்டா? அப்படி இருந்தால் அவசரமாகச் செய்ய வழி இருக்கிறது.

நான் போனைப் பிடுங்கினேன். "உண்டு. என் மகன்."

பெயர் கேட்டாள். இன்னும் வைக்கவில்லை என்றேன். ஆவணியில் வைக்கிறோம் என்று அவளிடம் எப்படி விளக்குவது? என்ன கருவி வைத்திருக்கிறான் என்று கேட்டாள். ஃப்ரீசர், அதில் அவன் பால் என்றேன். அவன் அந்த முகவரியில்தான் வசிக்கிறானா என்று கேட்டாள்.

"இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவன் இங்கே வந்து சேருவதற்குத்தான் அந்தப் பால்."

அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. வருந்துகிறேன், அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும் என்றாள். நிஜமாகவே வருந்தினாள், அது குரலில் தெரிந்தது. கடைசியில், குழந்தை பிறந்ததற்கு வாழ்த்துகள் என்றாள்.

சத்தம் கேட்டு ரதிதேவி அக்கா குடையோடு வந்துவிட்டார். நான் விம்மி விம்மிச் சொன்னதை அவர் முழுக்கக் கேட்கவில்லை. கராஜுக்குள் வந்து ஒரு பையைத் தொட்டுப் பார்த்தார், திரும்பி வேலிக்கு மேலால் கணவருக்குக் குரல் கொடுத்தார்.

"இஞ்சேருங்கோ! ஃப்ரீசரில இருக்கிற மீன் எல்லாத்தையும் வெளியில எடுங்கோ. ஓம், நண்டையும்தான். கெதியா!"

"அக்கா, உங்க மீன்..." என்றேன்.

"மீன் போனா வாங்கலாம் பிள்ளை. நீ அழாம எடு, எது இன்னும் இறுக்கமா இருக்கெண்டு பார்."

நடுவில் ஐஸ் இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம் என்று மெலனி முன்பு ஒரு தடவை சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. சதாசிவம் அண்ணன் டார்ச் பிடித்தார். நானும் அக்காவும் ஒவ்வொரு பையாக எடுத்து விரலால் அழுத்தினோம். எல்லாம் தண்ணீர். தண்ணீர். தண்ணீர். என் தேதிகள், என் கையெழுத்து. காய்ச்சல் அடித்த நாளில் எடுத்தது, அவனுக்கு முதல் தடவை ரத்தம் ஏற்றிய நாளில் எடுத்தது, எல்லாமே கைக்குள் குழைந்தன. அடியில், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தவற்றில் ஒரு சிலவற்றுக்குள் மட்டும் கடலை அளவுக்கு ஏதோ விரலில் நெருடியது. அதைத் தொட்டதும் "இருக்கு, இருக்கு" என்று கத்தினேன். ஒரு சோற்றுத் தட்டில் அடங்குகிற அளவுதான் மிஞ்சியது. அதை அக்காவின் ஃப்ரீசருக்குள் வைத்தோம்.

ரவி ஓரமாக நின்றிருந்தார். ஒரு பையைக்கூடத் தொடவில்லை. தொடத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"சொல்லிட்டு வந்தீங்களே, இப்ப நிம்மதியா? யாருக்கு மரியாதை பண்ணீங்க? அந்தக் கம்ப்யூட்டருக்கா?"

அவர் தலை குனிந்தே நின்றார்.

"அவரை இப்ப ஏசி என்ன பிள்ளை வரப்போகுது. மனுசன் செத்துப்போய் நிக்கிறார். வாங்கோ, ரெண்டு பேரும் வந்து சாப்பிடுங்கோ. மீனெல்லாம் பொரிக்கத்தான் போறன்" என்றார் அக்கா.

மறுநாள் காலை அந்தச் சிலவற்றை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். இரவில் மறுபடியும் கெட்டியாகியிருந்தன. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. காரில் வைத்து அவரிடம் சொன்னேன்.

"அங்க நீங்க வாயைத் திறக்கக் கூடாது. கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். ரெண்டு நாளைக்காவது வரும். அதுக்குள்ள எனக்குப் பால் திரும்பினாலும் திரும்பும். புரியுதா?"

"ம்" என்றார்.

மெலனி பைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தினமும் கேட்கும் கேள்விதான். "நேராக ஃப்ரீசரிலிருந்துதானே?"

"ஆமாம்" என்றேன்.

பைகளை டிராயருக்குள் வைக்கப் போனாள்.

"இல்லை" என்றார் ரவி.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மெலனியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கம்பெனி மாற்றியது, போன் செய்தது, புதன்கிழமை, ஈரமான தரை, நாங்கள் விரலால் அழுத்திப் பார்த்தது வரை ஒன்று விடாமல். அப்படியே அவர் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் என்று இருந்தது எனக்கு. பொய் சொல்லத் தெரியாத மனிதரைக் கட்டிக்கொண்டால் ஒரு பொய்யைக்கூட நிம்மதியாகச் சொல்ல முடியாது.

மெலனி பைகளைக் கீழே வைத்தாள். பிறகு, வீட்டில் இருக்கிற கொழுகொழு குழந்தைக்கு என்றால் பரவாயில்லை, இவனுக்கு இதைக் கொடுக்க முடியாது, கிருமி இருந்தால் தாங்க மாட்டான் என்றாள். நீங்கள் சொன்னது நல்லது என்று ரவியிடம் சொன்னாள். என் தோளை மட்டும் தொட்டாள். பாலைக் கொட்டுவதை நானே செய்கிறேன் என்றேன். வெந்நீரில் காட்டிக் கரைத்து, தொட்டியில் ஒவ்வொன்றாக ஊற்றினேன். குழாயைத் திறந்துவிட்டதும் அது போன இடம் தெரியவில்லை.

அவர் செய்தது சரி. அது எனக்கு அப்போதே தெரியும். கோபம் அதனால் குறையவில்லை.

டாக்டரம்மா வந்து பவுடர் பால் ஆரம்பிப்போம் என்றார். கொஞ்சம் கொஞ்சமாக, கவனமாக. ஒவ்வொரு தடவை கொடுக்கும் முன்பும் அவன் வயிற்றை டேப் வைத்து அளப்போம், வீங்கினால் உடனே நிறுத்துவோம். நிறைய குழந்தைகள் நன்றாகத்தான் தேறுகிறார்கள் என்றார். நிறைய என்றார், எல்லோரும் என்று சொல்லவில்லை.

முதல் ஊசிக்குழல் பால் குழாய் வழியாக இறங்கியதைப் பார்த்தோம். டின் பவுடரைக் கலக்கிய வெள்ளை. அவன் தூங்கிக்கொண்டே வாங்கிக்கொண்டான். அவனுக்கு யார் பால் என்று என்ன தெரியும். பக்கத்து அறையில் போய்ப் பம்ப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக் கரண்ட், நிற்காமல் ஓடியது. பாட்டிலில் ஒன்றும் விழவில்லை. இரண்டாவது தடவை கொடுக்கும் முன்பு மெலனி டேப்பை வைத்து அளந்தாள். எழுதிக்கொண்டாள். மூன்றாவது தடவை அளந்தபோது திரும்ப ஒரு முறை அளந்தாள்.

"கூடியிருக்கா?" என்று கேட்டேன்.

கொஞ்சம், பார்ப்போம், அடுத்ததில் தெரியும் என்றாள்.

பார்ப்பதைத் தவிர வேறென்ன இருக்கிறது எங்களிடம்? அவனுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. நானும் அவரும் ஒரு சின்ன வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வெளியே சீக்கிரமே இருட்டிவிட்டது.

அன்றைக்கு நான் அங்கேயே தங்குவது என்று முடிவானது. எனக்கு மாற்றுத்துணி வேண்டும், ரதிதேவி அக்கா ஏதோ சமைத்து வைத்திருப்பதாகப் போன் செய்திருந்தார். ரவி எழுந்தார். கார் சாவியை எடுத்தார். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நடந்தார்.

நர்ஸ்கள் உட்கார்ந்திருந்த மேசையைத் தாண்டிப் போனார், ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அப்பா நிமிர்ந்து பார்த்தார், அவரிடமும் சொல்லவில்லை. இந்தப் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் போய், திறக்கும் பொத்தானில் கை வைத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஓர் இடத்தை விட்டுச் சொல்லாமல் கிளம்பி நான் பார்த்ததில்லை. அவர் முதுகையே பார்த்தேன். கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, பயம்தான் வந்தது.

"ஏங்க" என்றேன். வார்டு என்பதையும் மறந்து சத்தமாகத்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

திரும்பினார்.

"அவன்கிட்ட சொல்லிட்டுப் போங்க."

அவர் அங்கேயே நின்றார். பிறகு மெதுவாக வந்தார். கையில் கிருமி மருந்து போட்டுத் தேய்த்துக்கொண்டு, பெட்டியின் ஓட்டை வழியாக உள்ளே விட்டு, ஒரு விரலால் அவன் பாதத்தைத் தொட்டார். நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"போயிட்டு" என்றார். மறுபடியும் முயன்றார். "போயிட்டு வரேன்டா தம்பி. அப்பா வந்துடுவேன். நீ இரு."

சொல்லிவிட்டார், ஆனால் கிளம்பவில்லை. அதற்குள் அடுத்த வேளை பாலுக்கு நேரமாகிவிட்டது. மெலனி டேப்பை எடுத்துக்கொண்டு வந்து பெட்டியின் கதவைத் திறந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.